சத்தம் நின்றால் பூட்டு

அந்தப் பாட்டை நான் பத்தொன்பது வயதில், காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். அதிலிருந்து வெளியே வரப் பதினாறு வருஷமாக முயன்றுகொண்டிருந்தேன்.

புணேயில் மெட்டல் கேட்கிற கூட்டம் சின்னது. வருஷா வருஷம் அதே முகங்கள், அதே கறுப்பு டி-ஷர்ட்டுகள், இப்போது கொஞ்சம் தொப்பையோடு. நாங்கள் மேடையேறிய இரண்டாவது நிமிடமே பின்னாலிருந்து ஒருத்தன் அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துவான். அப்புறம் பத்துப் பேர். அதை வாசிக்காமல் இறங்க முடியாது. ஒருமுறை இறங்கிப் பார்த்தோம். பார்க்கிங்கில் எங்கள் வண்டியை மறித்துக்கொண்டு, "க்யா பாய், நாராஜ் ஹோ க்யா?" என்று கேட்டார்கள். கோபமா என்றால் ஆமாம், கோபம்தான். ஆனால் அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். நான்தான் எழுதித் தொலைத்தேன்.

நாலு எண்ணிக்கைத் தாளம். கை எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகம். கிடாரில் அடிக் கம்பிகள் இரண்டு மட்டும். மேலே என் நண்பனின் உறுமல். மெட்டலில் பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு உறுமுவான், வார்த்தை எதுவும் விளங்காது. அந்தப் பாட்டுக்கு வரிகள் எழுதியவன் நான். மேடையில் எனக்கே ஒரு எழுத்துப் பிடிபடாது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை. என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. முதல் தடவை கேட்டுவிட்டு, "ஏனுங்க, அவருக்குப் பல்லு ஏதாச்சும் வலிக்குதுங்களா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

நண்பன் மராட்டிக்காரன். தேஹு ரோடு ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷெட்டில் வேலை. அவன் அம்மாவும் வேலைக்குப் போனதால் ஸ்கூல் விட்டதும் எங்கள் சமையலறையில்தான் கிடப்பான். என் அம்மா திருநெல்வேலிக்காரி, அவளுக்கு வேறு தமிழ் தெரியாது. அதனால் அவனுக்கும் அந்தத் தமிழ்தான் தெரியும். அம்மாவை மராட்டியில் "காகூ", அதாவது சித்தி, என்று கூப்பிடுவான், என்னை "ஏலே" என்பான். எனக்கும் அவனுக்கும் ழ வராது. அம்மா எனக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள், நாக்கை மட்டும் அவளால் திருத்த முடியவில்லை. நான் வாழைப்பழம் என்று சொன்னால் இன்றைக்கும் போனில் சிரிப்பாள்.

காலேஜும் பேண்டும் புணேயில். தேஹு ரோடிலிருந்து லோக்கல் ரயிலில் போய் லோக்கலில் வருவோம். கிடாரை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, ஜன்னல் சீட் யாருக்கு என்று அடித்துக்கொண்டு. முதல் ஷோவுக்குப் போகும்போது அவன் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தான். அவ்வளவு பயந்திருந்தான். மேடையில் அவன் கால் நடுங்கியதை டிரம்ஸ் அடித்தவன் பார்த்திருக்கிறான். உறுமல் மட்டும் கட்டிடம் அதிர வந்தது. அன்றோடு நாங்கள் பேர் வாங்கிவிட்டோம்.

டிரம்ஸும் பேஸ் கிடாரும் அண்ணன் தம்பி. கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்தவர்கள், தமிழ் தெரியாது, பேச்சும் குறைவு. எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட் சாப்பிடுவார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு பாணேரில் ஏழாவது மாடியில் ஃபிளாட் வாங்கினேன். ஆபீஸ் பக்கம், தண்ணீர் வரும், லிஃப்ட் இரண்டு. கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகிய முதல் ஞாயிறே சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் என் ஃபிளாட் நம்பரைப் போட்டுக் கைகூப்பும் படத்தோடு ஒருவர் எழுதினார். இன்னொருவர் அதற்குக் கட்டைவிரல். அப்புறம் இன்டர்காமில் வாட்ச்மேன், "சாப், ஊப்பர் வாலே பூச் ரஹே ஹைன்." மேல்வீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். சரி, சொருக வேண்டாம். எலெக்ட்ரிக் கிடாரைக் கரண்டே இல்லாமல் மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். கொசு முனகுகிற அளவுக்குத்தான் கேட்கும்.

அங்கேதான் என் தலையெழுத்து மாறியது. எங்கள் இசையில் டிஸ்டார்ஷன், கிடாரை இரைய வைக்கிற அந்தக் கரகரப்பு, மசாலா மாதிரி. அள்ளிப் போட்டால் காய் வதங்கியதா வேகாததா என்று யாருக்கும் தெரியாது. மசாலா இல்லாமல் கேட்டபோது நான் பதினாறு வருஷம் வாசித்தது எவ்வளவு கொஞ்சம் என்று தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது. ஒரு சுரத்தை அழுத்திவிட்டு அது தானாக அடங்கும்வரை சும்மா இருந்து பார்த்தேன். எனக்குச் சும்மா இருக்கவே தெரியவில்லை. கை அடுத்ததற்கு ஓடியது. அதைப் பிடித்து நிறுத்தப் பல மாதம் ஆயிற்று.

ஞாயிறுதோறும் பாணேரிலிருந்து கோர்படிக்குப் பயிற்சிக்குக் காரில் போக வேண்டும். போகிறோம் என்று சொல்வது மரியாதைக்கு. மெட்ரோ வேலை, மேம்பால வேலை, எங்கேயும் தகரத் தடுப்பு. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு டேங்கர், நடுவில் நான். அந்தக் காரில்தான் ப்ராக்ரெசிவ் ராக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு பாட்டு இருபது நிமிடம் போகும், நடுவில் தாளம் மாறும், பேசாமல் இருக்கும், எங்கேயோ சுற்றிவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே வரும். காலேஜில் நாங்கள் அதைக் கேலி பண்ணியிருக்கிறோம். அதைக் கேட்கிறவர்களை மாமாக்கள் என்போம். இப்போது அதே சிக்னலில் மூன்று பச்சை விளக்கைத் தவறவிட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, அந்தப் பாட்டுகளுக்குள் மட்டும்தான் எனக்கு இடம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மாமாதான்.

ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் பண்ணினாள். அப்பா ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு இரண்டு பேரும் ஊரோடு போய்விட்டார்கள்.

"ஏலே, உனக்கு ஏழரை நடக்கு. ஜோசியர் பாத்துட்டாரு. புதுசா ஒண்ணையும் தொடங்காத, கேட்டியா?"

"என்னது, ஏளரையா?"

"ஏழரைச் சனிலே. ஏளரை இல்ல, ஏழரை. ஏழரை வருசம் ஆட்டி வச்சுட்டுத்தான் போவான்."

சரிம்மா என்றேன். அன்று மாலையே தொடங்கினேன். அந்தச் சொல் காதிலேயே நின்றுவிட்டது. ஏழு அடி அடித்து, எட்டாவது அடி வரும் என்று எல்லாரும் காலைத் தூக்கும்போது, அரை அடியிலேயே திரும்பி முதலுக்கு வருகிற ஒரு தாளம். படி இருக்கிறதென்று காலை வைத்து, இல்லாமல், சமாளித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு கட்டினேன். நடுவில் மூன்று நிமிடம் கிடார் மட்டும், அதுவும் மெதுவாக. பெயர் ஏழரை. மனைவி கண்ணை மூடிக் கேட்டாள். "நல்லாத்தானுங்க இருக்கு. எப்பங்க முடியும்?" என்றாள்.

பேண்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் தம்பிகளுக்குப் பெயரின் அர்த்தம் கேட்டதுமே வேர்த்தது. மராட்டியில் அதையே சாடேசாதி என்பார்கள், அங்கேயும் அதே சனி, அதே ஏழரை வருஷம். டிரம்ஸ் அண்ணன் காதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நண்பன் முழுக்கக் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இதுல நான் எங்கலே நிக்க?"

ஏழரையில் உறுமலுக்கு ஓர் இடமும் இல்லை. வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பாடினால் ஒட்டும். "பாடேன்," என்றேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று. புணேயில் கேம்ப் ஏரியா பக்கம் ஒரு சின்ன ஹாலில் எங்களுக்கு நாற்பது நிமிட ஷோ. ஏழரையை வைத்தால் மூன்று பழைய பாட்டு போக வேண்டும், முதலில் அந்தப் பழைய பாட்டுதான் போக வேண்டும் என்றேன் நான். அது போனால் நானும் போகிறேன் என்றான் அவன். ஏழரை இல்லையென்றால் நான் போகிறேன் என்றேன். நான்காவது ஞாயிறு முடிவு பண்ணிவிடுவது என்று இருந்தோம். அன்று காரில் உட்கார்ந்து, அவன் இல்லாத பேண்டை நினைத்துப் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று உடனே பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

நாங்கள் பயிற்சி செய்வது கோர்படியில் ஒரு பழைய வீட்டின் அடித்தளம். சுவர் முழுக்கப் பழைய பஞ்சு மெத்தைகளை ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம், சத்தம் வெளியே போகக் கூடாதென்று. ஜன்னல் கிடையாது. மேலே எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக ஒரு ஓட்டை, அதில் ஃபேன் கிடையாது. இரும்புக் கதவு, வெளித்தாழ்ப்பாள். செல்போன்களைப் படிக்கு மேலே ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் இறங்குவோம், பக்கத்தில் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் டிட்-டிட்டென்று இரையும். வீட்டுக்காரர் காகா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர், மாடியில் குடியிருக்கிறார். அவருக்கு ஒரு பழக்கம். சத்தம் நின்று பத்து நிமிடம் ஆனால் கீழே வந்து பூட்டிவிட்டுப் போவார். நாய் நுழைந்துவிடுமாம். பன்னிரண்டு வருஷமாக அது ஒரு தடவையும் தப்பானதில்லை. நாங்கள் உள்ளே இருந்தால் சத்தம் இருக்கும். சத்தம் இல்லையென்றால் நாங்கள் இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல மே மாத வெயில். நண்பன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கடைசியா ஒரு தடவ கேளு, அப்புறம் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு அந்த மூன்று நிமிடப் பகுதியை வாசித்தேன். ஆம்ப்ளிஃபயரை ஒன்றில் வைத்து, விரலால் வருடி. திரும்ப வாசித்தேன். மூன்றாவது தடவையும் வாசித்தேன். அப்புறம் யாரும் பேசவில்லை. அந்த அறையில் அவ்வளவு அமைதி அதற்குமுன் இருந்ததே இல்லை.

பேஸ் தம்பி பாத்ரூம் போக எழுந்தான். கதவைத் தள்ளினான். தோளால் தள்ளினான். எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

"பூட்டிட்டாருலே," என்றான் நண்பன்.

முதலில் சிரித்தோம். கதவைத் தட்டினோம், உதைத்தோம். காகா அன்று அக்கா பேத்தியின் சாகர்புடாவுக்கு, அதாவது நிச்சயதார்த்தத்துக்கு, குடும்பத்தோடு போகிறார் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இப்ப சொல்லுதியே, நல்லா இருப்ப," என்றான் நண்பன் தமிழில். அண்ணனுக்குப் புரியவில்லை, ஆனாலும் மன்னிப்புக் கேட்டான். பிறகு நண்பன் நடுவில் வந்து, காலை அகட்டி நின்று, எக்ஸாஸ்ட் ஓட்டையைப் பார்த்து உறுமினான்.

"காகா! தார் உகடா!"

கதவைத் திற என்றுதான். மெத்தையில் தூசி பறந்தது. எங்களுக்கே காது அடைத்தது. நாலு தடவை, ஐந்து தடவை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் இஸ்திரி வண்டி ஒன்று நிற்கும். இஸ்திரிக்காரர் யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது: "ஆஜ் படே ஜோஷ் மே ஹைன்." இன்றைக்கு நல்ல உற்சாகமாக இருக்கிறார்களாம்.

அட பாவிகளா! நாங்கள் உயிர் போகிற மாதிரி கத்தினாலும் வராத அளவுக்குப் பன்னிரண்டு வருஷம் ஊரைப் பழக்கி வைத்திருந்தோம். நாலு பேரும் சேர்ந்து கத்தினோம். டிரம்ஸை இடித்தோம். யாரோ ஒரு குழந்தை வெளியே தாளத்துக்குக் கை தட்டியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

விளக்கு போயிற்று, டேபிள் ஃபேனும் போயிற்று. ஓட்டையிலிருந்து ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம். பத்து நிமிடத்தில் மெத்தைகளிலிருந்து எங்கள் பன்னிரண்டு வருஷ வேர்வை வாடை இறங்கியது. எனக்கு மூச்சு முட்டியது. பயம் என்றால் சொல்லக் கூச்சப்படுகிற பயம். கதவுப் பக்கம் போய் நெற்றியை இரும்பில் வைத்துக்கொண்டு நின்றேன். இருந்த எரிச்சலையெல்லாம் அவன் மேல் கொட்டினேன்.

"எல்லாம் உன்னாலதாம்லே. மொத நாளே சரின்னிருந்தா இன்னைக்கு இப்படி மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். பாட்டு ஓடியிருக்கும், அவரு பூட்டியிருக்க மாட்டாரு. பாடச் சொன்னா பாட வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பாட வராதுலே எனக்கு."

இருட்டில் அவன் முகம் தெரியவில்லை.

"அஞ்சாங்கிளாஸ்ல, ஜனவரி இருபத்தாறுக்குப் பாட நிறுத்துனாங்கள்ல. டீச்சர் என் காதுகிட்ட வந்து என்ன சொன்னாங்க? தும் சிர்ஃப் ஹோட் ஹிலாவோ. ஒதட்ட மட்டும் அசைன்னாங்க. நான் ஒதட்ட மட்டும் அசைச்சேன், மூணு பாட்டுக்கு. நீ பக்கத்துல நின்ன. சிரிச்ச."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. சிரித்திருப்பேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

"உறுமுறதுக்கு சுருதி வேண்டாம்லே. அதான் அங்க நின்னேன். அதையும் எடுத்துட்டேன்னா நான் பூட்டுன கதவுக்கு வெளிய நிக்கணும். உனக்கு உள்ள மூச்சு முட்டுது. எனக்கு அங்க."

அண்ணன் தம்பிகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸாரி சொல்லவில்லை. எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எதையாவது பிடித்தால் தேவலை என்று கிடாரை மடியில் எடுத்தேன். கரண்ட் இல்லாத கிடார். பாணேரில் பழகிய அதே கொசுச் சத்தம். அண்ணன் குச்சிகளால் முழங்காலில் தட்ட ஆரம்பித்தான்.

ஏழரையை அண்ணன் தம்பிகளால் மூன்று வாரமாகப் பிடிக்க முடியவில்லை. எண்ணும்போது அவர்கள் ஹிந்தியில் எண்ணுவார்கள். ஏக், தோ, தீன், சார், எல்லாம் ஒரே அசை, ஒரு அடிக்கு ஒரு சொல். கடைசியில் சாடே சாத் என்று வந்ததும் வாய் குழறி, அரையைத் தொலைத்துவிட்டு எட்டில் போய் விழுவார்கள். அன்றும் விழுந்தார்கள். எனக்கோ பயத்தில் மூளை ஓடவில்லை. ஆபீஸில் ஆங்கிலம், பேண்டில் ஹிந்தி என்று பிரித்து வைத்திருந்ததெல்லாம் கலைந்துபோய், தனியாக எண்ணுகிற மாதிரி வாய்விட்டு எண்ணிவிட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏளரை."

நண்பன் நிமிர்ந்தான். "திரும்பச் சொல்லு."

சொன்னேன். அவன் விரலை மடக்கி எண்ணினான். தமிழில் எண்ணினால் ஒண்ணு முதல் ஆறுவரை ஒவ்வொன்றும் இரண்டு அசை, அதாவது அடிக்கு இரண்டு பாதி. கடைசியில் ஏழு என்று நிறுத்தாமல் ஏ-ழ-ரை என்றால் மூன்று அசை. அந்த மூன்றாவது அசைதான் அரை. ஒன்றும் கணக்குப் போட வேண்டாம், வாயே தாளம். மூன்று வாரமாக நான் இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் நாக்கு எனக்குத் தெரியாமல் தமிழில் எண்ணிக் கட்டிய பாட்டை ஹிந்தியில் எண்ணி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். முட்டாள்தனம் என்னுடையது.

நண்பன் எண்ண ஆரம்பித்தான். உறுமிக் கத்தித் தொண்டை போயிருந்தது. மிச்சம் இருந்த குரல் தாழ்வாக, கொஞ்சம் கரகரப்பாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் வந்தது. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏளரை. சுருதி தேவைப்படாத குரல். அண்ணன் முழங்காலில் முதல் தடவையாகச் சரியாக வந்து சேர்ந்தான், தம்பி சேர்ந்தான், நான் சேர்ந்தேன். அவன் குரலை நான் தினமும் கேட்கிறவன், போனில், காரில், டீக்கடையில். அந்த அறைக்குள், பாட்டுக்குள், அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.

எத்தனை தடவை சுற்றினோம் என்று தெரியாது. ஓட்டையில் வெளிச்சம் மறைந்தது. இஸ்திரிக்காரரின் முகம்.

"கோன் ஹை அந்தர்?"

உள்ளே யார் என்று கேட்டவரிடம் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் காகாவுக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் காகா தலையில் ஆரஞ்சு ஃபேட்டாவோடு, அந்த நிச்சயதார்த்தத் தலைப்பாகையோடு, பதறி ஓடி வந்து கதவைத் திறந்தார். பேஸ் தம்பி அவரைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினான். இவ்வளவு நேரம் கத்தினோமே, ஏன் வரவில்லை என்று நான் இஸ்திரிக்காரரைக் கேட்டேன். அவர் சொன்னது நியாயம்தான். "சில்லானா தோ ஆப்கா காம் ஹை. கின்தி சுன்கே டர் கயா." கத்துவது உங்கள் தொழில், எண்ணுகிற சத்தம் கேட்டுத்தான் பயந்துபோனேன் என்றார்.

தெருவில் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தோம். ஏழரையில் அவன் எண்ணுவான், பன்னிரண்டு நிமிடமும், தமிழில். பதிலுக்கு நானும் இறங்கி வந்தேன். பழைய பாட்டை இந்த ஷோவில் கடைசியாக ஒரு தடவை வாசிப்போம், அதோடு அதை எடுத்து வைத்துவிடுவோம். அவன் கிளாஸில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றிக் குடித்தான்.

"சரிலே," என்றான். எனக்கு அன்று அதில் ஒரு வருத்தமும் கேட்கவில்லை. நான் வெளியே வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

ஷோ அன்று மழை. ஹால் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. நண்பன் மைக்கைப் பிடித்து, நிதானமாக, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று ஆரம்பித்தான். மைக் டெஸ்ட் பண்ணுகிறான் என்று கூட்டம் நினைத்துவிட்டது. பேசிக்கொண்டே இருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு நல்ல மனுஷன், "ஆவாஜ் ஆ ரஹீ ஹை பாய்!" என்று உதவினான். சத்தம் கேட்கிறதாம். அவன் அசரவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தான். ஐந்தாவது சுற்றில் ஏளரை என்ற சொல்லின் கடைசி அசை மேல் அண்ணன் டிரம்ஸில் விழுந்தான். ஹால் திடுக்கிட்டுத் திரும்பியது. அந்த மூன்று நிமிட மெதுவான பகுதியில் சிலர் பியர் வாங்கப் போனார்கள். சிலர் போகவில்லை. முடிந்ததும் வந்த கைதட்டல் பெரிதில்லை, ஆனால் குழப்பத்தோடு கொஞ்சம் தாமதித்து வந்தது. எனக்கு அது போதும்.

உடனே அந்தப் பழைய பெயர். ஒருத்தன், பத்துப் பேர், மொத்த ஹால். கடைசித் தடவை, தொலையட்டும் என்று ரிஃபை, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார்த் துண்டை, ஆரம்பித்தேன். அவன் குனிந்து, மைக்கை வாயோடு சேர்த்து, உறுமினான்.

அந்த அடித்தள அறைக்குப் பிறகு என் காதுக்கு அவன் குரல் பழகியிருந்தது. உறுமலுக்குள்ளேயும் அது இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, நான் எழுதிய வரி எது என்று தேடினேன். முதல் வரி இருந்தது. இரண்டாவது வரி இல்லை. அந்த இடத்தில் வேறு என்னவோ. சி…வா…ஜி…ந…கர். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கட்கி. தாபோடி. கையில் ரிஃப் தானாக ஓடிக்கொண்டிருந்தது. காசர்வாடி. பிம்ப்ரி. சிஞ்ச்வட். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு ஸ்டேஷனாக. ஆகுர்டி. கடைசியில், கூட்டம் கையைத் தூக்கிக் குதிக்கிற அந்த நீண்ட உறுமலில், தேஹு ரோடு.

அடுத்த சுற்றில் மறுபடியும் சிவாஜிநகர். நான் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன்.

ஷோ முடிந்து, மழைக்கு ஒதுங்கிப் பின்வாசலில் நின்றோம். அவன் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எப்ப இருந்துலே?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. "மொத ஷோல இருந்தே. உன் ரெண்டாவது வரி மறந்துபோச்சு. கால் வேற நடுங்குது. சீக்கிரம் வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு. வாய்ல வந்தது இதான். அப்புறம் அதே பழகிப்போச்சு."

"பதினாறு வருசம். ஏன்லே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். என் அம்மா அப்பா திருநெல்வேலியில். அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா அவனோடு சிஞ்ச்வட்டில் ஒரு மூன்றாவது மாடியில். தேஹு ரோடில் எங்கள் இரண்டு பேருக்கும் இறங்கி நடக்க ஒரு வீடு கிடையாது. நான் சிறை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்த நாலு நிமிடமும் அவன் என்னை லோக்கலில் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். நான் ஒரு தடவைகூட ஜன்னலைப் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டை நாங்கள் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கலாம் என்று அவன்தான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான், பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமென்று. நான் காது கேளாதவன் மாதிரி இருந்துவிட்டேன். ஏழரைக்குப் பிறகு இன்னும் இரண்டு நீளப் பாட்டுகள் வந்துவிட்டன, இரண்டிலும் அவன் பேசுகிறான். எங்களை மெட்டல் பேண்ட் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனாலும் கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், வாசிக்கிறோம். நான் அதிலிருந்து வெளியே வரவில்லை. ஆகுர்டி தாண்டியதும் மட்டும் என் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடுகிறது. டிரம்ஸ் அண்ணன் ஒவ்வொரு ஷோவிலும் திட்டுகிறான்.